மான்செஸ்டரில் ஒரு முற்பகல்

தேர்வு என்னும் சொல்லை உத்திரமேரூரில் பிறந்தவர் எவரும் எளிதாகக் கடந்துவிட இயலாது. முதற் பராந்தகன் காலத்து 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு, வாரியங்களுக்குத் தகுதியுடையார் யார், தகுதியற்றார் யார் என்பதைக் கல்லிலே பொறித்து வைத்தது. வயது 35க்கு மேல், 70க்குள், கால்வேலி இறைநிலம், சொந்த மனையில் வீடு. இவ்விதிகள் பலரை வெளியே நிறுத்தியவைதாம், மறுப்பதற்கில்லை. ஆயினும் நிறுத்தப்பட்டவன் அதன் காரணத்தைச் சுவரிலே படித்துக்கொள்ளலாம். 1896இல் இங்கிலாந்தில், இருபத்து மூன்று வயது இந்திய இளைஞர் ஒருவருக்கு அவ்வாய்ப்பும் இருக்கவில்லை.

அவர் ரஞ்சித்சிங்ஜி. கத்தியவார்ப் பகுதியின் சரோதரில் 1872இல் பிறந்து, ராஜ்கோட் ராஜ்குமார் கல்லூரியில் பயின்று, கேம்பிரிட்ஜ் சென்றவர். 1895 மே மாதத்தில் சசெக்ஸ் அணிக்காக முதன்முறை களமிறங்கி, லார்ட்சில் எம்.சி.சி.க்கு எதிராக 77 (ஆட்டமிழக்காமல்), 150 எனக் குவித்தார். மறு ஆண்டு ஆஸ்திரேலியர் வந்தபோது லார்ட்ஸ் டெஸ்ட் அணியில் அவர் பெயர் இல்லை. அந்நாளில் ஆட்டம் நடக்கும் மைதானத்தாரே இங்கிலாந்து அணியைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். லார்ட்ஸ் எம்.சி.சி.யின் மைதானம். பிறந்த மண்ணே தடையாயிற்று என்பர். பம்பாய் ஆளுநராயிருந்த ஹாரிஸ் பிரபுவின் கருத்தே பின்னணி என்று எழுதியோரும் உளர். பிறப்பே அளவுகோலாயின், ஆஸ்திரேலியாவில் பிறந்து அதன் அணிக்கே தலைமை தாங்கிய மர்டாக் 1892இல் இங்கிலாந்துக்கு ஆடியது எங்ஙனம்? அந்த மர்டாக்தான் சசெக்சில் ரஞ்சியின் தலைவர் என்பது வேடிக்கை.

இரண்டாம் டெஸ்ட் மான்செஸ்டரில். லங்காஷயர்க் குழுவினர் ரஞ்சியை அழைத்தனர். ஆஸ்திரேலியர்க்கு உடன்பாடென்றால் மட்டுமே ஆடுவேன் என்றார் அவர். ட்ராட் மகிழ்ந்து இசைந்தார்.

ஜூலை 16ஆம் நாள் ஆட்டம் தொடங்கியது. ஆஸ்திரேலியா 412. இங்கிலாந்து 231, அதில் ரஞ்சி 62. பின்தொடர்ந்து மீண்டும் ஆட வேண்டிய நிலை. இரண்டாம் நாள் முடிவில் அவர் 41. மூன்றாம் நாள் முற்பகலில்தான் அது நிகழ்ந்தது. எர்னஸ்ட் ஜோன்ஸ் வீசிய வேகப்பந்துகள் உடலை நோக்கி எழும்பி வந்தன. பிறர் விலகுவர், அல்லது தடுப்பர். இவரோ மணிக்கட்டைச் சற்றே திருப்பி, பந்தை அதன் வேகத்தாலேயே காலோரமாய்ப் பின்னே அனுப்பினார். லெக் கிளான்ஸ் என்று இன்று பயில்விக்கப்படும் அடி அது. பயிற்சியில் பந்துக்கு அஞ்சி விலகாதிருக்க அவருடைய வலக்காலைத் தரையோடு பிணைத்து வைத்தமையால் பிறந்தது என்றொரு கதை உண்டு. யாப்புக்குள் கட்டுண்டு பாடும் நம் கவிஞர்களுக்கு இக்கதை பிடிக்கும் என்று எண்ணுகிறேன்.

உணவு இடைவேளைக்குள் 113 ஓட்டங்கள் சேர்த்தார். ஒருபுறம் விக்கெட்டுகள் வீழ, அவர் 154 எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார். அணியின் மொத்தம் 305. அவருக்கடுத்த உயர்ந்த எண்ணிக்கை ஸ்டாடார்ட்டின் 41. முதல் டெஸ்டிலேயே சதமடித்த இங்கிலாந்து வீரர் அதற்குமுன் ஒருவரே: 1880இல் 152 எடுத்த கிரேஸ். 1896இல் அணித்தலைவராய் உடனிருந்தவரும் அவரே.

ஆட்டத்தை ஆஸ்திரேலியா வென்றது. 125 ஓட்ட இலக்கை எட்டுவதற்குள் ரிச்சர்ட்சன் 6 விக்கெட்டுகளைச் சாய்த்தும் பயனில்லை. 3 விக்கெட்டில் தோல்வி. அந்தப் பருவம் முழுதும் ரஞ்சி எடுத்தவை 2,780 ஓட்டங்கள். கிரேஸ் 1871இல் நாட்டிய சாதனை முறிந்தது.

அவர் ஆடிய 15 டெஸ்டுகளும் இங்கிலாந்துக்கே. இந்தியக் கிரிக்கெட்டுக்கு என்ன செய்தார் என்று கேட்போர் உளர். அது நியாயமான கேள்வியே. இந்தியா முதல் டெஸ்ட் ஆடிய 1932இல் அவர் ஆட்டக்காரரல்லர், நவாநகரின் அரசர். மறு ஆண்டு மறைந்தார்.

1934இல் பாட்டியாலா மன்னர் பூபிந்தர் சிங் வழங்கிய கோப்பைக்கு அவர் பெயர் சூட்டப்பெற்றது. முதல் ஆட்டம் நவம்பர் 4ஆம் நாள், சேப்பாக்கத்தில், சென்னைக்கும் மைசூருக்கும். மைசூர் 48, 59, சென்னை 130. ஏ.ஜி.ராம்சிங் 11 விக்கெட் வீழ்த்த, ஒரே நாளில் எல்லாம் முடிந்தது. அக்கோப்பையின் முதற்பந்தை வீசியவர் எம்.ஜே.கோபாலன். அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்து மொரப்பாக்கத்தில் 1909இல் பிறந்தவர். பெயரின் முதலெழுத்து அந்த ஊர்தான்.