தூண் வீடு, பலகை வீடு, கட்டை வீடு: மர வீடுகளில் எது எப்படி?

தோட்டத்து லயன் வீட்டில் வளர்ந்தவர்களுக்குப் பலகைச் சுவர் புதிதல்ல. இன்றும் கம்பங்களிலும் புதுக்கிராமங்களிலும் பெற்றோர் விட்டுச் சென்ற மர வீடுகளில் நம்மவர்கள் வாழ்கின்றனர். இடித்துவிட்டுக் கல்வீடு கட்டுவதா, பழுதுபார்ப்பதா என்று முடிவெடுக்கும் முன், அந்த வீட்டின் பாரத்தை எது தாங்குகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதை வைத்து மர வீடுகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

தூண் வீடு

மலாய்க் கம்பத்து வீடுகளின் முறை இது. தூணில் துளையிட்டு, உத்திரத்தின் முனையை அதில் செருகி, மர ஆப்பு அடித்து இறுக்குவார்கள். இந்த ஆப்புக்கு மலாயில் பாசாக் என்று பெயர். கூரையின் பாரம் தூண்கள் வழியே அடிக்கல்லில் இறங்குகிறது. சுவர் வெறும் மறைப்புதான். அதனால் வீட்டைப் பிரித்து வேறிடத்தில் மீண்டும் பூட்டலாம். நெகிரி செம்பிலானில் 1908-இல் கட்டி முடிக்கப்பட்ட ஸ்ரீ மெனாந்தி அரண்மனை 99 தூண்களுடன் ஆணியின்றி எழுப்பப்பட்டது. கோலகங்சாரில் 1926-இல் எழுந்த கெனாங்கான் அரண்மனையும் ஆணியில்லாக் கட்டடமே. செலவுதான் இதன் குறை. செங்கால் போன்ற உறுதியான மரமும் கைதேர்ந்த தச்சரும் வேண்டும்.

பலகை வீடு

மெல்லிய சட்டங்களை நெருக்கமாக நிறுத்தி, ஆணியடித்து, மேலே பலகை பொருத்தும் முறை. இது 1830-களில் அமெரிக்காவில் பரவத் தொடங்கியது. ஆலையில் அறுத்த மரமும் ஆணியும் இருந்தால் சாதாரணத் தச்சரே விரைவாகக் கட்டிவிடலாம். இங்குள்ள பலகை வீடுகள் பலவும் ஆணியை நம்பி நிற்பவைதான். இவ்வகை வீட்டில் சுவருக்குள் உள்ள சட்டங்களும் பாரம் தாங்கும். அறையைப் பெரிதாக்க ஒரு சுவரை எடுத்தால் கூரையே இறங்கிவிடக்கூடும்.

கட்டை வீடு

முழு மரக்கட்டைகளைப் படுக்கவைத்து அடுக்கி, மூலைகளில் வெட்டுக் கொடுத்துப் பூட்டுவது. பைன் மரங்கள் வளரும் குளிர்நாடுகளில் பிறந்த முறை. தடித்த கட்டை குளிரை அடக்கும். ஆனால் மரம் உலர உலரக் குறுக்குவாட்டில் சுருங்குவதால் சுவரின் உயரமே சில அங்குலம் குறையும். கதவு, ஜன்னலுக்கு மேல் இடைவெளி விடாவிட்டால் அவை இறுகிக்கொள்ளும். மழையும் ஈரமும் மிகுந்த நம் நாட்டில் கட்டைகளின் இடுக்குகளில் நீர் தங்கி உளுத்துப்போகும். அகன்ற கூரை இல்லாமல் இதை இங்கே கட்டுவது வீண்செலவு.

கரையானும் தீயும்

எந்த வகையானாலும் மரம் நேரடியாக மண்ணைத் தொடக்கூடாது. கல் அல்லது சிமெண்டுக் காலின் மேல் வீடு நின்றால் காற்றோட்டம் கிடைக்கும், கரையான் ஏறும் தடமும் கண்ணில் படும். நாம் நன்கறிந்த ரப்பர் மரத்தைத் தூணுக்கோ வெளிச்சுவருக்கோ பயன்படுத்த வேண்டாம். அதிலுள்ள மாவுச்சத்து பூஞ்சணத்தையும் வண்டையும் இழுக்கும். பதப்படுத்தினால் மேசை நாற்காலிக்கு நல்லது. மருந்தேற்றிய மரத்துண்டுகளை அடுப்பெரிக்கவும் கூடாது, புகை நச்சு.

தீப்பிடித்தால் தடித்த தூணின் மேற்புறம் கரியாகி, உள்மரம் சிறிது நேரம் தாங்கும். மெல்லிய பலகை சட்டென எரிந்துவிடும். வரிசை வீடுகளில் கூரையடி தடுப்பின்றித் தொடர்ந்திருந்தால் ஒரு வீட்டுத் தீ அடுத்தடுத்த வீடுகளுக்குத் தாவும். பழைய மின்கம்பிகளை மாற்றுவதே அங்கு முதல் பழுதுபார்ப்பு.

இடிக்க முடிவு செய்தவர்களுக்கும் ஒன்று: தூண்கள் செங்கால் மரமா என்று தச்சரிடம் காட்டிக் கேளுங்கள். பழையதானாலும் அதற்கு மதிப்புண்டு. விறகு விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள். புதிதாகக் கட்டுவதானாலும் மாற்றிக் கட்டுவதானாலும், முதலில் ஊராட்சி மன்ற அனுமதியைப் பெறுங்கள்.