தி.நகருக்கு அடியில் ஓர் ஏரி

சென்னை மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு தெரு இருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு, லேக் ஏரியா. மூன்றையும் ஆட்டோ பிடித்துச் சுற்றி வந்தாலும் ஏரி கண்ணில் படாது. பெயர்ப்பலகைகள் மட்டும் தப்பித்தன.

நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் என்றால் படகிலேயே போயிருக்கலாம். நுங்கம்பாக்கத்தில் தொடங்கி, மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே வளைந்து, சைதாப்பேட்டைப் பக்கம் அடையாற்றை நெருங்கும்வரை தண்ணீர் நின்றது. வெள்ளைக்காரர்கள் அதை ‘லாங் டாங்க்’ என்றார்கள். படகுப் போட்டியும் நடத்தினார்கள். வடபாதி நுங்கம்பாக்கம் ஏரி, தென்பாதி மயிலாப்பூர் ஏரி.

ஏரி என்பது பள்ளத்தில் தானாகத் தேங்கிய தண்ணீர் அல்ல. தரை சரிகிற பக்கம் கரை போட்டு மழையைத் தடுத்து, மதகு வழியே வயலுக்கு விட்டு, மிஞ்சியதைக் கலங்கல் வழியே வழியனுப்பும் ஏற்பாடு அது. இதற்கிடையில் யாரும் கணக்கில் எழுதாத இன்னொரு வேலையையும் அது பார்த்தது: சுற்றுவட்டாரக் கிணறுகளை ஊற வைத்தது.

ஏரியைத் தூர்த்தவர்களைத் திட்டுவது சுலபம். ஆனால் அவர்கள் பக்கமும் ஒரு கணக்கு இருந்தது. 1872லேயே செங்குன்றம் ஏரித் தண்ணீர் பட்டணத்துக்கு வந்துவிட்டது. வயல்கள் வீடுகளாகிக்கொண்டிருந்தன. பாசனம் போன ஏரி அதிகாரிகளின் கண்ணுக்குக் காலி மனையாகத் தெரிந்தது. 1920இல் நகரமைப்புச் சட்டம் வந்தது. நீதிக்கட்சி ஆட்சியில், அந்தப் பத்தாண்டுகளிலேயே ஏரியை வடித்து மாம்பலத்தில் மனை பிரித்தார்கள். நடுவே பனகல் பூங்கா, அதிலிருந்து பிரியும் உஸ்மான் ரோடு என்று கட்சிப் பெரியவர்களின் பெயர்கள் வரிசையாக வந்தன. பேட்டைக்கே பிட்டி தியாகராயரின் பெயர்: தியாகராய நகர், சுருக்கமாக தி.நகர். மிச்சமிருந்த நுங்கம்பாக்கம் ஏரிப் படுகையில் 1976இல் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பட்டது. அங்குள்ள கல்தேர் நிற்பது ஏரித்தரையில்.

ஏரி போனாலும் மழை போகவில்லையே. வள்ளுவர் கோட்டத்துப் பக்கத்திலிருந்து தி.நகர் வழியாக நந்தனம் தாண்டி அடையாற்றில் விழும் மாம்பலம் கால்வாய்தான் இன்று அந்தத் தண்ணீருக்கு வழி. 2021 நவம்பரில் அது போதவில்லை. ஜி.என். செட்டி ரோட்டில் முழங்கால் தண்ணீர். துரைசாமி சுரங்கப்பாதையை மூட வேண்டியதாயிற்று.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 2019 ஜூனில், நிலைமை நேரெதிர். நகருக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டுகிடந்தன. மெட்ரோ வாட்டர் லாரி வந்தால் தெருவே குடங்களோடு ஓடியது. கிணற்றை மூடிவிட்டு போர் போட்டவர்கள், அந்த போரும் காற்று வாங்குவதைப் பார்த்து நின்றார்கள்.

ஏரி பார்த்த வேலையை இனி வீடுகள் பார்க்கட்டும் என்று சொன்ன சட்டம் 2003இல் வந்தது. எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. அதற்கு முன்பே, 1990களில், பெசன்ட் நகரில் சேகர் ராகவன் என்பவர் வீடு வீடாக ஏறி இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே மணல், மழை சட்டென்று இறங்கும். களிமண் தரையில் அப்படி இல்லை. மேல் அடுக்கைத் துளைத்துக் கீழே மணல்வரை உறைகிணறு இறக்க வேண்டும். மூன்றடிக் குழி தோண்டிச் சட்டத்துக்குக் கணக்குக் காட்டியவர்கள் வீட்டில் தண்ணீர் குழியிலேயே நின்றது.

ஒரு கிரவுண்டு மொட்டைமாடி என்றால் 2,400 சதுர அடி. சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. பெருக்கினால் மூன்று லட்சம் லிட்டர் வருகிறது. 12,000 லிட்டர் லாரியில் இருபத்தைந்து நடை. அத்தனையும் மாடியிலிருந்து குழாய் வழியே கீழே வரத்தான் வருகிறது. தெருவுக்குப் போகிறதா, தரைக்குள் போகிறதா என்பதுதான் கேள்வி.

2003இல் வெட்டிய குழி உங்கள் குடியிருப்பிலும் இருக்கும். பெரும்பாலும் ஸ்கூட்டர் நிறுத்துகிற இடத்தில், சிமெண்டு மூடி போட்டு. ஐப்பசி மழை தொடங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாட்ச்மேனைக் கூப்பிட்டு அந்த மூடியைத் தூக்கிப் பாருங்கள். சேறு அடைத்திருந்தால் வாரிப் போட்டு, ஜல்லியைக் கழுவி மறுபடி நிரப்புங்கள்.