வேரா ஏரியின் முறைக்காய்ச்சல்

கொரியப் போருக்குச் (1950–53) சென்ற அமெரிக்கப் படைவீரர் பலர் மலேரியா ஒட்டுண்ணியைத் தம் உடலில் சுமந்தே தாயகம் திரும்பினர். 1947இல் தொடங்கிய தேசிய மலேரியா ஒழிப்புத் திட்டத்தின் விளைவாக உள்நாட்டுப் பரவல் 1951க்குள் ஏறத்தாழ நின்றுபோயிருந்தது. ஆயினும் நோயைப் பரப்பும் அனாஃபிலிஸ் கொசு அழியாமல் இருந்தமையால், வெளியிலிருந்து வரும் ஒரு நோயாளிகூட ஓர் ஊரில் புதிய தொடரைத் தொடங்கிவிட முடிந்தது.

கொரியாவில் பரவிய பிளாஸ்மோடியம் வைவாக்ஸ் என்னும் ஒட்டுண்ணி கல்லீரலில் பல மாதங்கள் உறங்கிக் கிடந்து, பின்னர் குருதியில் புகுந்து பெருகும் இயல்புடையது. களத்தில் வழங்கப்பட்ட குளோரோகுயின் குருதியிலுள்ள ஒட்டுண்ணியை அழித்ததேயன்றிக் கல்லீரலில் உறங்கியதை அழிக்கவில்லை. ஆகவே மருந்தை நிறுத்தி வீடு திரும்பிய பின்னரே பலருக்குக் காய்ச்சல் கண்டது.

இந்த ஆபத்து 1952இல் கலிஃபோர்னியாவின் நெவாடா மாவட்டத்திலுள்ள வேரா ஏரிக்கரையில் மெய்யாயிற்று. சிறுமியர் கோடைமுகாம் நடைபெறும் அவ்வேரியருகே, கொரியாவிலிருந்து திரும்பிய வீரர் ஒருவர் ஜூலை 4 விடுமுறையில் தங்கியிருந்தபோது காய்ச்சலுற்றார். அங்குள்ள கொசுக்கள் வழியே 35 பேருக்கு மலேரியா தொற்றியது. முகாம் முடிந்து சிறுமியர் தத்தம் ஊர்களுக்குச் சென்றுவிட்டதோடு, பலருக்கு நோய் அடுத்த ஆண்டே வெளிப்பட்டதால், தனித்தனியே பார்த்த மருத்துவர்களுக்கு அது தொடர்பற்ற காய்ச்சலாகவே தோன்றக்கூடியதாக இருந்தது. நோயாளிகள் முன்பு தங்கியிருந்த இடங்களை ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே ஏரியும், அதன் வழியே அவ்வீரரும் தெரியவந்தனர்.

கல்லீரலில் உறங்கும் ஒட்டுண்ணியை அழிக்கும் பிரைமாகுயின், நாளொன்றுக்கு 15 மில்லிகிராம் வீதம் 14 நாட்களுக்கு, தாயகம் திரும்பும் வீரர்களுக்குக் கப்பலிலேயே கொடுக்கப்பட்டது. இது வீரரின் நலத்தையும் அவர் ஊரின் நலத்தையும் ஒருங்கே காத்த ஏற்பாடாகும். எனினும் மருந்து எவரையேனும் தவறவிடும்போது, ஊர் மருத்துவர் அனுப்பும் அறிக்கையும், நோயாளி ஓராண்டுக்கு முன்வரை எங்கெங்கு இருந்தார் என்னும் விசாரணையுமே எஞ்சும் காப்புகள். நோயைச் சுமந்து வந்தவர் குற்றவாளியல்லர். அவரைப் போருக்கு அனுப்பிய அரசே, அவர் திரும்பிய பின்னும் அவர் உடல்நிலையைப் பல மாதங்கள் தொடர்ந்து கவனிக்கும் கடமையுடையது.