சிஃபிக்கு எத்தனை எஃப்?

பி.காம் படிப்பவர்களுக்குத் தெரியும், பிசினஸ் லா பேப்பரில் வரும் வழக்குகளில் பாதி நம்மைத் தூங்க வைக்கும். அப்படித் தூங்க விடாத வழக்கு ஒன்று உண்டு. வழக்குப் போட்டது நம்ம ஊர் கம்பெனி. அடையாறிலிருந்து மத்திய கைலாஷ் தாண்டி ஓ.எம்.ஆர். பக்கம் திரும்பினால் வரும் டைடல் பார்க்கில் இருந்த சிஃபி. சண்டை எதற்கு? ஒரே ஒரு ஆங்கில எழுத்துக்கு!

முதலில் கொஞ்சம் சரித்திரம். 1995 டிசம்பரில் சத்யம் கம்ப்யூட்டர்ஸின் துணை நிறுவனமாக சத்யம் இன்ஃபோவே பிறந்தது. 1998-ல் தனியார் துறைக்கு இன்டர்நெட் சேவை திறந்துவிடப்பட்டதும் முதலில் களத்தில் குதித்தவர்களில் இவர்களும் உண்டு. அப்போது அந்தச் சேவைக்குப் பெயர் சத்யம் ஆன்லைன். கம்பெனிப் பெயரின் இரண்டு வார்த்தைகளிலிருந்தும் எழுத்துகளைக் கிள்ளியெடுத்து 'சிஃபி' என்று ஒரு புது வார்த்தையை உருவாக்கினார்கள். எந்த அகராதியிலும் கிடையாது, எந்த மொழியிலும் அர்த்தம் கிடையாது. 1999 ஜூனில் சிஃபிநெட், சிஃபிமால் என்று அதை வைத்தே வரிசையாக டொமைன்களைப் பதிவு செய்தார்கள். அதே அக்டோபரில் அமெரிக்காவின் நாஸ்டாக்கில் பட்டியலான முதல் இந்திய இன்டர்நெட் கம்பெனி ஆனார்கள். நவம்பரில் 'இந்தியாவேர்ல்ட்' தளங்களை 499 கோடி ரூபாய்க்கு வாங்குவதாக அறிவித்தார்கள். டாட் காம் ஜுரம் உச்சத்தில் இருந்த காலம்!

2001 ஜூன் 5-ம் தேதி இன்னொரு கம்பெனி வந்தது. இன்டர்நெட் மார்க்கெட்டிங் தொழில். இவர்கள் பதிவு செய்த பெயரும் சிஃபிநெட் டாட் காம்தான். ஒரே வித்தியாசம், ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு எஃப்புக்குப் பதில் இரண்டு எஃப். தமிழில் எழுதினால் அந்த வித்தியாசமும் காணாமல் போய்விடுகிறது, பாருங்கள்! காதால் கேட்டாலும் அதே கதைதான்.

சத்யம் இன்ஃபோவே பெங்களூர் சிட்டி சிவில் கோர்ட்டுக்குப் போய் இடைக்காலத் தடை வாங்கியது. எதிர்த்தரப்பு சொன்ன பதில் சுவாரஸ்யமானது. எங்கள் கம்பெனியை ஆரம்பித்த ஐந்து பேரின் முதல் எழுத்துகளைச் சேர்த்ததுதான் இந்தப் பெயர், உங்களைப் பார்த்துக் காப்பி அடிக்கவில்லை என்றார்கள். கர்நாடக உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது. இரண்டும் வேறு வேறு தொழில், வாடிக்கையாளர் குழம்ப மாட்டார். புதிய கம்பெனி நிறைய முதலீடு செய்துவிட்டது, இப்போது பெயரை மாற்றச் சொன்னால் அவர்களுக்குத்தான் அதிகக் கஷ்டம் என்பது அதன் பார்வை.

முதல் தடவை படித்தபோது எனக்கு இது நியாயமாகத்தான் பட்டது. தி.நகரையே எடுத்துக்கொள்ளுங்களேன். சரவணா ஸ்டோர்ஸ் என்ற பெயரைத் தாங்கிய கடைகள் ஒன்றுக்கு மேல். யாராவது தொலைந்து போகிறார்களா? "ரங்கநாதன் தெருவில் இருப்பதா, உஸ்மான் ரோட்டில் இருப்பதா?" என்று கேட்டால் முடிந்தது. ஆட்டோக்காரரே சொல்லிவிடுவார்.

ஆனால் உச்ச நீதிமன்றம் பிடித்த பாயிண்ட் இங்கேதான் இருக்கிறது. 2004 மே 6 அன்று வந்த தீர்ப்பு அது. டொமைன் என்பது முதலில் வெறும் விலாசமாக இருந்தது, வியாபாரம் இன்டர்நெட்டுக்கு வந்தபிறகு அதுவே கடையின் பெயர்ப்பலகையும் ஆகிவிட்டது என்றது கோர்ட். டிரேட் மார்க் ஒரு நாட்டின் எல்லைக்குள் பாதுகாக்கப்படும். டொமைன் உலகம் முழுக்க ஒன்றுதான். இன்டர்நெட்டில் உஸ்மான் ரோடு கிடையாது, பக்கத்துக் கடை கிடையாது, வழி சொல்ல ஆட்டோக்காரரும் கிடையாது. அரைகுறை ஞாபகத்தில் ஒருவர் ஒரு எஃப்பைக் கூடுதலாகத் தட்டினால் நேராக அடுத்தவர் வீட்டில்தான் போய் நிற்பார்.

டொமைனுக்கென்று தனிச் சட்டம் அப்போது இல்லை. அதனால் 'பாஸிங் ஆஃப்' என்ற பழைய கோட்பாட்டையே எடுத்து வைத்தார்கள். ஒருவருடைய குட்வில், அதை இன்னொருவர் தன்னுடையதுபோல் காட்டுவது, அதனால் வரும் நஷ்டம், இந்த மூன்றும்தான் அதன் சாரம். 1999-லேயே யாஹூ வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் இந்த வழியில் போயிருந்தது. இப்போது உச்ச நீதிமன்றமே முத்திரை குத்தியது. ஐந்து எழுத்துக் கதையை அது நம்பவில்லை. முன்னாலேயே பெயரைப் பயன்படுத்தியவருக்கே உரிமை என்று சொல்லி, பெங்களூர் கோர்ட்டின் தடையை மீண்டும் கொண்டுவந்தது.

கணக்குப் படிக்கிறவன் என்ற முறையில் எனக்குப் பிடித்தது, சிஃபி கற்பனை வார்த்தை என்பதற்கு கோர்ட் கொடுத்த எடை. அர்த்தமே இல்லாத பெயரை இரண்டு பேர் தற்செயலாகக் கண்டுபிடித்தார்கள் என்றால் நம்புவது கஷ்டம் இல்லையா? இதே வழக்கு 'சத்யம்' என்ற பெயருக்காக நடந்திருந்தால் இவ்வளவு சுலபமாக இருந்திருக்குமா என்பது சந்தேகம். உண்மை என்ற பொருள் தரும் பொதுச் சொல் அது. சென்னையில் "சத்யம் போகலாமா" என்றால் ராயப்பேட்டை தியேட்டர்தான், சாஃப்ட்வேர் கம்பெனி இல்லை :-)

இதை அந்தக் கம்பெனியே உணர்ந்ததோ என்னவோ, வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே 2003 ஜனவரியில் சத்யம் இன்ஃபோவே என்ற பெயரை விட்டுவிட்டு சிஃபி லிமிடெட் ஆகிவிட்டது. இணையத்துக்காக உருவாக்கிய செல்லப் பெயர், பெற்றோர் வைத்த பெயரை விழுங்கிவிட்டது. 2005 நவம்பரில் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தன் பங்குகளையும் விற்று வெளியேறியது. 2007-ல் சிஃபி டெக்னாலஜீஸ்.

அடுத்து 2009 ஜனவரி 7. சத்யம் கம்ப்யூட்டர்ஸின் தலைவர் ராமலிங்க ராஜு, பல வருடங்களாகக் கணக்கில் பொய் எழுதியதை ஒப்புக்கொண்டு கடிதம் கொடுத்த நாள். எங்கள் ஆடிட்டிங் வகுப்பில் இந்த ஒரு கடிதத்துக்காகவே தனி அத்தியாயம் நடத்துகிறார்கள். அன்று காலை உலகத்திலேயே யாரும் வைத்துக்கொள்ள விரும்பாத பெயர் சத்யம். சத்யம் கம்ப்யூட்டர்ஸே அந்த ஜூனில் மஹிந்திரா சத்யம் ஆனது, 2013-ல் டெக் மஹிந்திராவோடு கலந்து அந்தப் பெயரும் போனது. டைடல் பார்க்கில் இருந்தவர்களோ ஆறு வருடம் முன்பே பலகையை மாற்றியிருந்தார்கள்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் அவர்களால் மாற்ற முடியவில்லை. 2004 தீர்ப்பு பழைய பெயரில்தான் பதிவாகியிருக்கிறது. சிஃபி என்ற பெயருக்காகப் போராடி ஜெயித்த அந்த வழக்கை 'சத்யம் இன்ஃபோவே வழக்கு' என்றுதான் இன்னமும் பரீட்சையில் எழுதுகிறோம்.