மீண்டு வந்த ரதங்கள்

காஞ்சி மாநகரத்தின் தெற்கே, பாலாற்றின் கரையில், தறிச் சத்தம் கேட்கும் தெருக்களையும் அரசாங்கப் பஸ்கள் இரவில் இளைப்பாறும் பணிமனையையும் தன்னகத்தே கொண்டு விளங்கும் ஓரிக்கை என்னும் ஊருக்கு அப்பெயர் வாய்த்ததே ஒரு பிரயாணத்தால்தான் என்று வைஷ்ணவ சம்பிரதாயம் சொல்லுகிறது. தன்னைப் பாட மறுத்த கணிகண்ணனை நகரை விட்டு வெளியேறும்படி பல்லவ மன்னன் ஆணையிட, சீடனைத் தொடர்ந்து திருமழிசை ஆழ்வாரும், ஆழ்வாரின் சொல்லுக்கு இணங்கிப் பெருமாளும், தம் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு புறப்பட்டு, அன்றிரவு தங்கிய இடமே ‘ஓர் இரவு இருக்கை’யாகிப் பிறகு ஓரிக்கை ஆயிற்று என்பர். மன்னன் தன் பிழையை உணர்ந்து வேண்டிக்கொள்ள, மூவரும் காஞ்சிக்குத் திரும்பினர். திரும்பி வந்த பெருமாள், யதோக்தகாரி என்னும் திருநாமத்தோடு, மற்றத் தலங்களில் நாம் காணும் கிடைக்கு மாறாகத் திசை மாறிப் பள்ளிகொண்டிருக்கிறார். போய் வந்ததற்கு அதுவே அடையாளம் என்பது ஐதிகம்.

பழைய பொருள் ஒன்று மீட்டு எடுக்கப்பட்டு நம்மிடம் திரும்பி வரும்போது அது எவ்வாறு வரவேண்டும் என்ற கேள்வி எழும்போதெல்லாம் எனக்கு இந்த ஐதிகம் நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவில் அறுபது எழுபது வருஷங்களுக்கு முன் பிறந்த ஸ்போர்ட்ஸ் கார்களைத் துருவிலிருந்து மீட்டு, அவற்றின் வெளி மேனியை முன்பிருந்தபடியே நிறுத்தி, உள்ளே இக்காலத்து இஞ்சினையும் பிரேக்கையும் பொருத்தி விற்பது இன்று உலகில் ஒரு பெரிய வியாபாரமாக வளர்ந்திருக்கிறது. ‘ரெஸ்டோமாட்’ என்பது அதற்கு வழங்கும் பெயர். அதைப் பற்றி அபிப்பிராயம் சொல்லுமுன், அமெரிக்க மோட்டார் வண்டி நம் பிரதேசத்துக்கு வந்த சரித்திரத்தையும், வந்த வண்டியை நம்மவர் எவ்வாறு பேணினர் என்பதையும் பார்ப்பது அவசியம்.

சென்னப்பட்டணத்தில் மோட்டார் வண்டி ஓடத் தொடங்கியது 1901-ஆம் வருஷம். பாரி கம்பெனியின் டைரக்டர்களில் ஒருவரான யார்க் என்பவர் அடையாற்றிலிருந்து கடற்கரை ஆபீசுக்குத் தம் காரிலே போய் வந்ததை ஜனங்கள் வழிநெடுக நின்று பார்த்தனர். பதிவெண் முறை வந்தபோது எம்.சி. 1 என்ற எண் துறைமுகத்தைக் கட்டி வளர்த்த சர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங்குக்கும், எம்.சி. 3 என்ற எண் கட்டடக் கண்டிராக்டர் நம்பெருமாள் செட்டியாருக்கும் கிடைத்தன. சென்னையில் கார் வைத்திருந்த முதல் இந்தியர் செட்டியாரே. அதே காலத்தில், 1840 முதல் சேணமும் குதிரை வண்டியும் செய்து புகழ்பெற்றிருந்த மவுண்ட் ரோடு சிம்ஸன் கம்பெனியில், ஸாமுவேல் ஜான் கிரீன் என்பவர் 1903-இல் நீராவியால் ஓடும் கார் ஒன்றை அமைத்தார். கோச்சு வண்டிக்கு மரம் இழைத்த கைகளே பிற்பாடு மோட்டாருக்கும் பஸ்ஸுக்கும் பாடி கட்டக் கற்றுக்கொண்டன. ஆகவே புதியதைப் பழைய தொழிலின் தோளில் ஏற்றி வளர்ப்பது நம்மூர்ப் பட்டறைகளுக்கு ஆரம்பம் முதலே பழகிப்போன காரியம்.

முதலில் வந்த வண்டிகள் பெரும்பாலும் ஐரோப்பாவைச் சேர்ந்தவை. முதல் உலக யுத்தத்துக்குப் பிறகு அமெரிக்க வண்டிகள் பெருகியதற்குக் காரணம் வெறும் மோகமன்று. ஐரோப்பாவின் செப்பனிட்ட சாலைகளுக்கென்று தாழ்வாகச் செய்த வண்டி நம் கப்பிச் சாலையிலும் ஆற்று மணலிலும் திணற, விவசாயிகளின் மண் பாதைகளை உத்தேசித்து உயரமாகவும் உறுதியாகவும், விலை மலிவாகவும் ஹென்றி போர்டு 1908-இல் வெளியிட்ட ‘மாடல் டி’ போன்ற வண்டிகள் இங்கே தடையின்றி ஓடின. போர்டு வண்டிகள் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்து நாடுகளுக்குக் கனடாக் கிளையின் வழியாக வந்தபடியால், நமக்கு வேண்டிய வலப்பக்க ஸ்டியரிங்கோடேயே வந்து இறங்கின. 1926-இல் போர்டு கம்பெனி இந்தியாவில் தனிக் கிளை அமைத்தது. 1928-இல் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் வண்டிகளைப் பொருத்தி இணைக்கும் ஆலையைத் தொடங்கியது. செவர்லே, பியூக், டாட்ஜ், பிளிமத் என்ற பெயர்கள் ஜமீன்தார் மாளிகையிலும் செட்டிநாட்டு வளவிலும் வீட்டுப் பெயர்களாயின. கிராமத்தார் அவற்றைப் ‘பிளசர்’ என்றார்கள். நீண்டு அகன்ற பின்னாள் வண்டிகளுக்குப் ‘படகுக் கார்’ என்று பெயர் வைத்தார்கள்.

இந்த வரவு சுதந்திரத்துக்குப் பிறகு நின்றது. பாகங்களை இறக்குமதி செய்து பொருத்தி மட்டும் விற்காமல், படிப்படியாக எல்லாப் பாகங்களையும் இந்நாட்டிலேயே செய்யும் திட்டம் உள்ளவர்களுக்கே இடம் என்று 1953-இல் சுங்கக் கமிஷனின் பரிந்துரையை ஒட்டிச் சர்க்கார் தீர்மானித்தபோது, போர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் வெளியேறின. பம்பாய்ப் பிரீமியர் கம்பெனி இணைத்த டாட்ஜும் பிளிமத்தும் சில காலம் தொடர்ந்தன. அதன்பின், ஏற்கெனவே இங்கிருந்த அமெரிக்க வண்டிக்கு உதிரிப் பாகம் கிடைப்பது அருமையாயிற்று.

அந்தத் தட்டுப்பாட்டுக் காலத்திலேதான் நம் மெக்கானிக்குகளின் மேதை வெளிப்பட்டது. அதற்கு முன்னோடியாக ஒரு சம்பவம் உண்டு. இரண்டாவது உலக யுத்தத்தின்போது பெட்ரோல் ரேஷனாகி வண்டிகள் நின்றுபோக இருந்த சமயத்தில், மதுரையில் டி.வி. சுந்தரம் அய்யங்கார் கரியை எரித்து அதன் வாயுவால் இஞ்சினை ஓட்டும் ‘காஸ் பிளான்ட்’ என்ற சாதனத்தைத் தம் பட்டறையிலே செய்து பஸ்களின் பின்புறத்தில் பொருத்தினார். வண்டி அதே வண்டி. அதன் ஆகாரம் மாறிற்று. ஜனங்களின் பிரயாணம் நிற்கவில்லை. இதே புத்தி பிற்பாடு லேத் பட்டறைகளில் வேலை செய்தது. தேய்ந்த பிஸ்டனுக்கு அளவெடுத்து வார்த்தார்கள்; உடைந்த பல்சக்கரத்தைக் கடைந்து எடுத்தார்கள்; சென்னைப் புதுப்பேட்டையில் பிரிக்கப்பட்ட வண்டிகளின் குவியலிலிருந்து வேறொரு வண்டியின் பாகத்தைத் தேடி எடுத்து, இந்த வண்டிக்குப் பொருந்தும்படி அறுத்து ஒட்டினார்கள். சீமையில் ‘ரெஸ்டோமாட்’ என்ற சொல் பிறக்கு முன்பே நம்மவர் அதைச் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களை உந்தியது அவசியம், இன்று வெளிநாட்டில் உந்துவது ஆசை, அவ்வளவே வித்தியாசம்.

இனி அந்த ஆசைக்குரிய வண்டிகளைப் பார்ப்போம். 1953-இல் மிச்சிகன் மாகாணத்து பிளின்ட் நகரில் செவர்லே கம்பெனி ‘கார்வெட்’ என்ற ஸ்போர்ட்ஸ் காரை முதல் வருஷத்தில் 300 மட்டுமே செய்தது. அத்தனையும் வெள்ளை மேனியும் சிவப்பு ஆசனமும் கொண்டவை. மேனி இரும்புத் தகட்டால் ஆகாமல் கண்ணாடி இழையால் ஆனது. 1955-இல் அதற்கு எட்டு சிலிண்டர் இஞ்சின் வாய்த்த பிறகே அது பெயருக்குத் தகுந்த வேகம் பெற்றது. 1964 ஏப்ரலில் போர்டு வெளியிட்ட ‘மஸ்டாங்’ ஒரே வருஷத்தில் நான்கு லட்சத்துக்கு மேல் விற்றது. இவை அழகில் இணையற்றவை. ஆனால் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், ஈரமான காலையில் முரண்டு பிடிக்கும் கார்புரேட்டர், அடிக்கடி தேயும் காண்டாக்ட் பாயின்ட் என்று அக்காலத்தின் குறைகளையும் சுமந்தவை. புதுப்பிக்கிறவர்கள் இவற்றை நீக்கி டிஸ்க் பிரேக்கும், கம்ப்யூட்டர் அளந்து எரிபொருளைப் பீச்சும் சாதனமும், ஐந்து ஆறு கியரும், ஏர்கண்டிஷனும் வைக்கிறார்கள்.

இதில் வாங்குகிறவர் அறியவேண்டிய சூட்சுமங்கள் சில உண்டு. பளபளக்கும் பெயின்ட்டுக்கு அடியில் தகடு இருக்கிறதா, வெறும் பட்டி பூசி மெழுகியிருக்கிறதா என்பதைச் சிறு காந்தம் காட்டிக்கொடுக்கும். இரும்பு உள்ள இடத்தில் ஒட்டும், பட்டி கனத்த இடத்தில் நழுவும். கார்வெட்டின் மேனியிலோ காந்தம் எங்கும் ஒட்டாது. அதன் மேனி துருப்பிடிக்காது, ஆனால் மேனியைத் தாங்கும் எஃகுச் சட்டம் துருப்பிடிக்கும். ஆகையால் வண்டியைத் தூக்கி நிறுத்தி அடிவயிற்றைப் பார்க்காமல் முடிவு செய்யலாகாது. பெரிய இஞ்சினை ஏற்றி, பழைய சிறு பிரேக்கை அப்படியே விட்டிருந்தால் அது புதுப்பித்ததாகாது, அபாயத்தைப் பெருக்கியதாகும். இஞ்சினில் பொறித்த எண்ணும் வண்டியின் எண்ணும் பொருந்துகின்றனவா என்பது மற்றொரு கேள்வி. பொருந்தினால் அந்த வண்டி பிறந்தபோதிருந்த இதயத்தோடேயே இருக்கிறதென்று அர்த்தம். சேகரிப்பவர்கள் அதற்கென்றே அதிக விலை கொடுப்பார்கள். காஞ்சியிலே சேலை வாங்குகிறவருக்கு இந்தப் பரீட்சை புதிதல்ல. ஜரிகையை உரசிப் பார்த்து, உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிகிறதா என்று பார்க்கும் வழக்கம் இதற்கு உடன்பிறந்ததே.

அப்படியானால் பழையதில் புதியதைச் சேர்ப்பது தகுமா? நம் மரபு தகும் என்றே சொல்லுகிறது. திருவாரூர் ஆழித் தேர் 1926-இல் தீக்கிரையாகி, 1930-இல் மீண்டும் செய்யப்பட்டது. 96 அடி உயரமும் சுமார் 300 டன் கனமும் கொண்ட அந்த ரதத்தை, சக்கரத்தின் முன்னே முட்டுக்கட்டையை எறிந்து திருப்பியும் நிறுத்தியும் வந்தார்கள்; பிற்காலத்தில் திருச்சி பெல் தொழிற்சாலை இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் அமைத்துக் கொடுத்தது. அதனால் தேரின் பெருமை குறைந்ததாக ஒரு பக்தரும் சொல்லவில்லை. காஞ்சித் தறியும் அவ்வாறே: அடை கட்டிப் பூ எடுத்த இடத்தில் ஜக்கார்டு பெட்டி ஏறிற்று; ஆனால் உடலையும் கரையையும் தனித்தனி நாடாவால் கோத்துப் பிணைக்கும் கோர்வை மாறாதவரையில் அது காஞ்சிப் பட்டே. ஆலயங்களில் ஜீர்ணோத்தாரணம் நடக்கும்போதும், தெய்வ சாந்நித்தியத்தைப் பாலாலயத்தில் எழுந்தருளச் செய்த பிறகே கல்லில் கை வைக்கிறோம். எது மாறலாம், எது மாறக்கூடாது என்பதை முன்கூட்டியே வரையறுத்துக்கொண்டு செய்வதே புனருத்தாரணத்தின் லட்சணம்.

இன்னொரு லட்சணமும் உண்டு. அதுவே நான் இங்கே வற்புறுத்த விரும்புவது. பத்தாம் நூற்றாண்டில் கண்டராதித்த சோழரின் தேவியான செம்பியன் மாதேவியார் செங்கல் ஆலயங்கள் பலவற்றைக் கற்றளிகளாக மாற்றிய காலத்தில், திருக்கோடிகாவில் பழைய கற்களில் இருந்த சாசனங்களைப் படியெடுத்துப் புதிய சுவரிலே மீண்டும் பொறிக்கச் செய்து, இவை பழைய கல்லின் படிகளே என்பதையும் அங்கேயே எழுதுவித்தார். புதிய கல்லைப் பழைய கல் என்று அவர் காட்டிக்கொள்ளவில்லை. பழைய கொடைகளை மறைந்துபோகவும் விடவில்லை. ஆயிரம் வருஷங்களுக்கு முன் ஓர் அரசி வகுத்துக் கொடுத்த இந்த நியாயம் மோட்டார் வண்டிக்கும் பொருந்தும்.

நம் நாட்டுச் சட்டம் இவ்விஷயத்தில் கண்டிப்பானது. உற்பத்தி செய்தவர் நிர்ணயித்த அடிப்படை அம்சங்களுக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்பது 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின் சாரம். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. 2021-இல் வந்த விதிகள், 50 வருஷங்களுக்கு மேற்பட்டு, சேஸிஸ், மேனி, இஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் இல்லாமல் மூல ரூபத்தில் பேணப்பட்ட வண்டிக்கே ‘விஏ’ என்ற எழுத்துக்கள் கொண்ட தனிப் பதிவெண்ணை அனுமதிக்கின்றன. கட்டணம் 20,000 ரூபாய், பதிவு 10 வருஷத்துக்குச் செல்லும். ஆகவே இஞ்சின் மாற்றிய அமெரிக்க வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் இங்கே அந்த மரியாதையைப் பெறாது. வாங்க நினைப்பவர் பணத்தை எண்ணுமுன் இதை எண்ண வேண்டும்.

என் முடிவு இது: உயிரைக் காக்கும் பிரேக்கையும் விளக்கையும் விதிக்கு உட்பட்டுப் புதுப்பிப்பது குற்றமன்று, மாற்றியதை மறைப்பது குற்றம். யதோக்தகாரியின் திசை மாறிய கிடையைப் போல, மீண்டு வந்தது தான் போய் வந்ததைச் சொல்ல வேண்டும். ஆதலால் பழைய வண்டியை விற்கிறவர்களும் வாங்குகிறவர்களும் ஒரு நோட்டுப் புத்தகத்தை வண்டியோடு கூடவே கைமாற்றிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எந்தப் பாகம் பிறந்தபோது வந்தது, எது எந்த வருஷத்தில் மாற்றப்பட்டது என்று அதில் எழுதுங்கள். மாற்றிய மெக்கானிக்கின் பெயரையும், டிங்கர் வேலை செய்தவரின் பெயரையும், ஆசனம் தைத்தவரின் பெயரையும் தவறாமல் எழுதுங்கள். எழுபது வருஷங்களாக அந்த ரதங்களை ஓட வைத்தவர்கள் அவர்கள். அவர்களுக்கென்று வேறு கல்வெட்டு கிடையாது.