முதல் பொதுத் தேர்தலும் பெயர் சொல்லாத 28 இலட்சம் பெண்களும்

போட்டித் தேர்வுகளுக்குப் படிக்கும் மாணவர்கள் இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலைப் பற்றி நான்கைந்து விவரங்களை மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள். நடந்த காலம் 1951-52, தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென், மக்களவை இடங்கள் 489, வென்ற கட்சி காங்கிரஸ். இவை தேர்வுக்கு அவசியம்தான். ஆனால் அந்தத் தேர்தலின் மிகக் கடினமான வேலை வாக்கு எண்ணிக்கையும் அல்ல, வாக்குப்பதிவும் அல்ல. வாக்காளரின் பெயரை எழுதுவதுதான். அந்த வேலையில் சுமார் 28 இலட்சம் பெண்கள் பட்டியலுக்கு வெளியே நின்றுவிட்டார்கள். அவர்களை யாரும் தடுக்கவில்லை. அவர்களுக்குச் சட்டப்படி உரிமையும் இருந்தது. பட்டியலில் அவர்களுடைய சொந்தப் பெயர் இல்லை என்பதே காரணம். அது எப்படி நடந்தது என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

விடுதலைக்கு முன் யாருக்கு வாக்கு?

ஆங்கிலேயர் ஆட்சியில் வாக்குரிமை எல்லோருக்கும் உரியதாக இருக்கவில்லை. சொத்து, வரி, கல்வி ஆகியவற்றில் குறிப்பிட்ட தகுதி உடையவர்களே வாக்களிக்க முடிந்தது. பெண்களுக்கு முதன்முதலில் வாக்குரிமை வழங்கிய மாகாணம் சென்னை. 1921ஆம் ஆண்டு அது வழங்கப்பட்டது. ஆனால் அங்கும் சொத்துத் தகுதி தேவைப்பட்டதால் மிகச் சில பெண்களே பயன் பெற்றனர்.

1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் வாக்காளர் எண்ணிக்கையைக் கூட்டியது. அதன்படி 1937இல் நடந்த மாகாணத் தேர்தல்களில் வாக்குரிமை பெற்றிருந்தவர்கள் சுமார் 3 கோடி பேர். இந்தச் சட்டத்தில் கவனிக்க வேண்டிய ஒரு கூறு உண்டு. சொத்துத் தகுதி உள்ள ஒருவரின் மனைவி அல்லது விதவை என்ற முறையிலும் ஒரு பெண் வாக்காளர் ஆகலாம். அதாவது, 'இன்னாரின் மனைவி' என்பதே ஒரு தகுதியாக இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது தேவைப்படும்.

அரசமைப்புச் சட்டம் செய்த மாற்றம்

1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த இந்திய அரசமைப்புச் சட்டம் இந்த நிலையை அடியோடு மாற்றியது. சட்டப்பிரிவு 326இன்படி 21 வயது நிரம்பிய ஒவ்வொரு குடிமகனுக்கும் குடிமகளுக்கும் வாக்குரிமை உண்டு. சட்டப்பிரிவு 325இன்படி மதம், இனம், சாதி, பால் ஆகியவற்றின் காரணமாக எவரையும் வாக்காளர் பட்டியலில் இருந்து விலக்க முடியாது. பிரிட்டிஷ் காலத்தில் இருந்த மத அடிப்படையிலான தனித் தொகுதிகளும் ஒழிந்தன.

இது எவ்வளவு துணிச்சலான முடிவு என்பதை அறிய ஒரு புள்ளிவிவரம் போதும். 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் எழுத்தறிவு சுமார் 18 சதவீதம். பெண்களிடையே அது 9 சதவீதத்துக்கும் குறைவு. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நிறைந்த நாட்டில் அனைவருக்கும் வாக்குரிமையா என்று ஐயப்பட்டவர்கள் பலர். அரசியல் நிர்ணய சபை ஐயப்படவில்லை.

பட்டியல் எழுதும் வேலை

சட்டத்தில் ஒரு வரி எழுதிவிட்டால் வாக்குரிமை வந்துவிடாது. யார் யார் வாக்காளர் என்று வீடு வீடாகச் சென்று எழுத வேண்டும். அரசமைப்புச் சட்டம் முழுமை பெறுவதற்கு முன்பே, 1948இலேயே இந்தப் பணி தொடங்கிவிட்டது. அரசமைப்பு ஆலோசகர் பி. என். ராவ் தலைமையில் இயங்கிய அரசியல் நிர்ணய சபையின் செயலகம் மாகாணங்களுக்கும் சமஸ்தானங்களுக்கும் அறிவுரைகளை அனுப்பி வரைவுப் பட்டியல்களைத் தயாரிக்கச் செய்தது.

பிரிவினையால் இலட்சக்கணக்கான மக்கள் அகதிகளாக வந்திருந்த நேரம் அது. நிலையான முகவரி இல்லாத அவர்களை எப்படிச் சேர்ப்பது என்ற கேள்வி எழுந்தது. அந்த ஊரிலேயே நிலையாகத் தங்கப் போவதாக அவர்கள் உறுதிமொழி கொடுத்தால் போதும், தற்காலிகமாகப் பெயரைச் சேர்க்கலாம் என்று முடிவு செய்யப்பட்டது. ஆவணம் இல்லை என்பதற்காக ஒருவரை விலக்கிவிடக் கூடாது என்ற எண்ணம் இதில் தெரிகிறது.

1950 ஜனவரி 25 அன்று தேர்தல் ஆணையம் அமைக்கப்பட்டது. (இந்த நாளே 2011 முதல் தேசிய வாக்காளர் தினமாகக் கொண்டாடப்படுகிறது.) அதே ஆண்டு மார்ச் 21 அன்று சுகுமார் சென் முதல் தலைமைத் தேர்தல் ஆணையராகப் பொறுப்பேற்றார். அவர் இந்தியக் குடிமைப் பணி (ஐ.சி.எஸ்.) அதிகாரி, அதற்கு முன் மேற்கு வங்கத்தின் தலைமைச் செயலாளராக இருந்தவர், கணிதம் படித்தவர். 1950, 1951ஆம் ஆண்டுகளின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டங்கள் அவருடைய பணிக்கு அடிப்படையாக அமைந்தன. 1950ஆம் ஆண்டுச் சட்டம் தொகுதிகளையும் வாக்காளர் பட்டியலையும் பற்றியது. 1951ஆம் ஆண்டுச் சட்டம் தேர்தல் நடத்தும் முறையைப் பற்றியது. இந்த வேறுபாட்டை மாணவர்கள் குழப்பிக்கொள்வது உண்டு.

இறுதியில் பட்டியலில் இடம் பெற்றவர்கள் ஏறத்தாழ 17 கோடியே 32 இலட்சம் பேர். ஜம்மு காஷ்மீர் இதில் சேரவில்லை.

'இன்னாரின் மனைவி' என்ற பதிவுகள்

வரைவுப் பட்டியல்களைச் சரிபார்த்தபோது ஒரு சிக்கல் வெளிப்பட்டது. பீகார், உத்தரப் பிரதேசம், மத்திய பாரத், இராஜஸ்தான், விந்தியப் பிரதேசம் போன்ற பகுதிகளில் பெரும் எண்ணிக்கையிலான பெண்கள் தம் சொந்தப் பெயரில் பதிவாகவில்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய், இன்னாரின் மகள் என்று மட்டுமே எழுதப்பட்டிருந்தது.

கணக்கெடுப்பவர் வாசலில் நின்று கேட்டபோது, அறிமுகமில்லாத ஆணிடம் தன் பெயரைச் சொல்வது அந்த ஊர்களின் வழக்கத்துக்கு மாறானது. வீட்டு ஆண்களும் சொல்லவில்லை. நம் கிராமங்களில் கணவன் பெயரை மனைவி வாய் திறந்து சொல்லாத வழக்கம் இருந்ததை நாம் அறிவோம். அங்கே பெண்ணின் பெயரே வெளியில் சொல்லக் கூடாததாக இருந்தது.

சுகுமார் சென் இதை ஏற்கவில்லை. பெயர் என்பது வாக்காளரின் அடையாளத்தில் இன்றியமையாத பகுதி என்பது ஆணையத்தின் நிலைப்பாடு. பெயரைச் சொல்ல மறுப்பவரைப் பட்டியலில் சேர்க்க முடியாது என்று அறிவுறுத்தல் சென்றது. திருத்திக்கொள்ள வாய்ப்பும் தரப்பட்டது. பீகாரில் இதற்காக ஒரு மாதம் கூடுதல் அவகாசம் அளிக்கப்பட்டு, பலர் தம் பெயரைக் கொடுத்துச் சேர்ந்தனர். ஆனாலும் நாடு முழுவதும் இருந்த சுமார் 8 கோடிப் பெண் வாக்காளர்களில் ஏறத்தாழ 28 இலட்சம் பேர் பெயர் தரவில்லை. அவர்களைப் பற்றிய பதிவுகள் நீக்கப்பட்டன. முதல் தேர்தலில் அவர்களால் வாக்களிக்க முடியவில்லை.

இந்த முடிவு சரியா?

மாணவர்கள் இதைப் பற்றிச் சிந்திக்க வேண்டும். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

எழுதப் படிக்கத் தெரியாத, வெளியுலகப் பழக்கம் இல்லாத பெண்களின் உரிமை ஒரு நிர்வாக விதியால் பறிபோனது என்று சொல்லலாம். அகதிகளுக்குக் காட்டிய நெகிழ்வை இவர்களுக்கும் காட்டியிருக்கலாமே என்றும் கேட்கலாம். தவறு அந்தப் பெண்களுடையது மட்டும் அல்ல. அவர்கள் பெயரைக் கேட்டு எழுதாமல் விட்ட கணக்கெடுப்பாளருக்கும், பெயரைச் சொல்லவிடாத குடும்பத்துக்கும் அதில் பங்கு உண்டு. தண்டனை மட்டும் பெண்ணுக்குக் கிடைத்தது.

மறுபக்கம், 'இன்னாரின் மனைவி' என்ற பதிவை வைத்துக்கொண்டு வாக்குச்சாவடியில் ஆளை அடையாளம் காண்பது எப்படி? வேறொருவர் வந்து வாக்களித்துவிட்டால் கேட்பதற்கு வழியில்லை. இதைவிட ஆழமான காரணமும் உண்டு. 1935ஆம் ஆண்டுச் சட்டத்தில் மனைவி என்பதே தகுதியாக இருந்ததைப் பார்த்தோம். அரசமைப்புச் சட்டம் அந்த முறையை முடிவுக்குக் கொண்டுவந்தது. வாக்கு இனி குடும்பத்துக்கோ கணவனின் சொத்துக்கோ உரியது அல்ல. அது தனி ஒருவருக்கு உரியது. சொந்தப் பெயர் இல்லாத பதிவை ஏற்றிருந்தால் பழைய முறையே புதிய சட்டத்துக்குள் நுழைந்திருக்கும்.

என் கருத்தில் ஆணையத்தின் கொள்கை சரியானது. ஆனால் அதற்கான விலையை மிக எளிய பெண்கள் கொடுத்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

தேர்தல் நடந்த விதம்

முதல் வாக்குப்பதிவு 1951 அக்டோபர் 25 அன்று இமாசலப் பிரதேசத்தில் நடந்தது. பனி விழுந்து பாதைகள் மூடிவிடும் என்பதால் மலைப்பகுதிகளுக்கு முன்னதாகவே நாள் குறிக்கப்பட்டது. கல்பா என்ற ஊரைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் ஷியாம் சரண் நேகி அன்று வாக்களித்தார். சுதந்திர இந்தியாவின் முதல் வாக்காளர் என்று போற்றப்பட்ட அவர், தன் கடைசி வாக்கை 2022 நவம்பர் 2 அன்று அஞ்சல் வாக்காகச் செலுத்திவிட்டு, மூன்றே நாட்களில் காலமானார்.

நாட்டின் பிற பகுதிகளில் தேர்தல் தொடர்ந்து 1952 பிப்ரவரியில் நிறைவடைந்தது. சுமார் 1,96,000 வாக்குச்சாவடிகளில் ஏறத்தாழ 27,500 சாவடிகள் பெண்களுக்கென்றே ஒதுக்கப்பட்டன.

எழுத்தறியாதவர்களுக்காகச் சின்னங்கள் அறிமுகமாயின. காங்கிரசுக்கு நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை, கம்யூனிஸ்டுக் கட்சிக்குக் கதிர் அரிவாள், சோசலிஸ்டுக் கட்சிக்கு மரம், ஜன சங்கத்துக்கு விளக்கு. பின்னாளில் வந்த, ஒரே சீட்டில் முத்திரை குத்தும் முறை அப்போது இல்லை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனி வாக்குப்பெட்டி மறைவிடத்தில் வைக்கப்பட்டிருக்கும். பெட்டியில் சின்னம் ஒட்டியிருக்கும். ஒரு ரூபாய் நோட்டு அளவில் இருந்த வாக்குச்சீட்டை வாக்காளர் தமக்கு வேண்டிய பெட்டியில் போட வேண்டும், அவ்வளவுதான். இதற்காகச் சுமார் 20 இலட்சம் எஃகுப் பெட்டிகள் செய்யப்பட்டன. ஒருவர் இருமுறை வாக்களிப்பதைத் தடுக்க விரலில் அழியாத மை வைக்கப்பட்டது.

மொத்தம் 401 தொகுதிகள். அவற்றில் 314 ஓர் உறுப்பினர் தொகுதிகள், 86 இரட்டை உறுப்பினர் தொகுதிகள், ஒன்று மூன்று உறுப்பினர் தொகுதி. கூட்டிப் பார்த்தால் 489 இடங்கள் வரும். இரட்டை உறுப்பினர் முறை 1961ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டது.

சுமார் 45 சதவீதம் பேர் வாக்களித்தனர். காங்கிரஸ் 364 இடங்களைப் பெற்றது. அரசமைப்புச் சட்ட வரைவுக் குழுவின் தலைவர் அம்பேத்கர் பம்பாயில் தோல்வி அடைந்தார். திண்டுக்கல்லில் அம்மு சுவாமிநாதன், திருவள்ளூரில் மரகதம் சந்திரசேகர், இமாசலப் பிரதேசத்தில் இராஜகுமாரி அம்ரித் கவுர் ஆகிய பெண்கள் வென்று மக்களவைக்குச் சென்றனர். மக்களவையின் முதல் கூட்டம் 1952 மே 13 அன்று நடந்தது.

அதன் பிறகு

அடுத்த பொதுத் தேர்தல் 1957இல் வந்தபோது வயது வந்த பெண்களில் 94 சதவீதம் பேர் பட்டியலில் இருந்தனர். விடுபட்டவர்களில் மிகப் பலர் ஐந்தாண்டுகளில் தம் பெயரைச் சொல்லிவிட்டார்கள் என்பதே இதன் பொருள். அவர்களை ஊக்குவித்த ஊர்ப் பணியாளர்கள், ஆசிரியர்கள் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை.

பெயர் சேர்ந்ததும் பெண்கள் உடனே ஆண்களுக்கு இணையாக வாக்களித்துவிடவில்லை. 1962இல் ஆண்களில் சுமார் 63 சதவீதம் பேர் வாக்களித்தபோது பெண்களில் 47 சதவீதம் பேரே வந்தனர். இந்த இடைவெளி மெல்ல மெல்லக் குறைந்தது. 2019 மக்களவைத் தேர்தலில்தான் முதன்முறையாகப் பெண்களின் வாக்குப்பதிவு சதவீதம் ஆண்களுடையதைச் சற்றே முந்தியது. முதல் தேர்தலில் இருந்து கணக்கிட்டால் இதற்கு ஏறத்தாழ 67 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

சுகுமார் சென்னின் அனுபவம் வெளிநாட்டுக்கும் பயன்பட்டது. 1953இல் சூடான் நாட்டின் முதல் தேர்தலை நடத்திய பன்னாட்டுக் குழுவுக்கு அவர் தலைமை தாங்கினார்.

தேர்வுக்கு நினைவில் கொள்ள

- வாக்குரிமை வயது 21இல் இருந்து 18ஆகக் குறைக்கப்பட்டது 61ஆவது அரசமைப்புச் சட்டத் திருத்தத்தால் (1988). நடைமுறைக்கு வந்தது 1989 மார்ச்சில்.
- தேர்தல் ஆணையத்தைப் பற்றியது சட்டப்பிரிவு 324.
- அழியாத மையை 1962 தேர்தல் முதல் தயாரித்து வழங்கிவருவது மைசூர் பெயிண்ட்ஸ் நிறுவனம்.
- மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் முதலில் பயன்படுத்தப்பட்டது கேரளத்தின் பரூர் தொகுதியில், 1982இல். மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதும் பயன்பட்டது 2004இல்.
- 'மேற்கண்ட எவரும் இல்லை' என்ற வாய்ப்பு வந்தது 2013இல்.

இந்தக் கட்டுரையைப் படிக்கும் மாணவர்களில் பலர் 18 வயதை எட்டியிருப்பீர்கள், அல்லது எட்டவிருப்பீர்கள். முன்பு ஆண்டுக்கு ஒரு தகுதி நாள் மட்டுமே இருந்தது. இப்போது ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று நான்கு தகுதி நாட்கள் உண்டு. 17 வயது முடிந்ததுமே படிவம் 6ஐ முன்கூட்டியே கொடுத்து வைக்கலாம். பட்டியலில் உங்கள் பெயர் எழுத்துப் பிழையின்றி இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் வீட்டில் பாட்டி, அம்மா, அக்கா ஆகியோரின் பெயர்கள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். இல்லையென்றால் அடுத்த தேர்தல் அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் இப்போதே விண்ணப்பியுங்கள்.