சூப்பர் 8 படச்சுருளில் மறுஒலிப்பதிவு

வீட்டுப் படச்சுருளில், படமெடுத்த பின் பேச்சையும் இசையையும் காட்சியோடு ஒத்திசையப் பதியும் முறை. சுருளின் விளிம்பில் ஒட்டிய காந்தப் பட்டையில் ஒலி பதிவாகும்.

கோடாக் 1932இல் கொண்டுவந்த 8 மி.மீ. சுருள் ஊமைப் படத்துக்கானது. அதில் நேரடியாக ஒலி பதிந்த முதல் வீட்டுக் கேமரா 1960இல் வந்த பேர்சைல்டு சினிபோனிக் என்பர். ஆனால் 1950களிலேயே சிலர் பட்டை ஒட்டிய சுருளில் புரொஜெக்டர் வழியாக ஒலி சேர்த்துவந்ததால் முதன்மை யாருக்கு என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. 1965இல் சூப்பர் 8 அறிமுகமானது.

1973இல், படமெடுக்கும்போதே ஒலியையும் சுருளில் பதியும் கோடாக்கின் எக்டாசவுண்ட் முறை வந்தது. பட்டையோடு விற்ற 50 அடிச் சுருளில் 3,600 பிரேம்கள். நொடிக்கு 18 பிரேம் வேகத்தில் 3 நிமிடம் 20 நொடி ஓடும். படச்சாளரத்தில் சுருள் விட்டுவிட்டு நகரும். ஒலிமுனையிலோ சீராக ஓட வேண்டும். அதனால் ஒலி தன் காட்சிக்கு 18 பிரேம் முன்னே, மேற்சொன்ன வேகத்தில் சரியாக ஒரு நொடி தள்ளிப் பதிவாகும். சுருளை வெட்டி ஒட்டினால் புதிய காட்சியின் முதல் நொடியில் பழைய காட்சியின் மிச்ச ஒலி கேட்கும். பேசியவரின் முதல் சொற்கள் வெட்டுண்டு போகும். மறுஒலிப்பதிவுக்குத் தேவை உண்டானது பெரும்பாலும் இதனால்தான். வெட்டும் முன் ஒலியை நாடாவில் நகலெடுத்து, படத்தைத் தொகுத்த பின் அதைப் பட்டையில் மீண்டும் பதிந்தார்கள். புரொஜெக்டரின் வேகம் சிறிது பிசகினாலும் உதடும் சொல்லும் பிரிந்துவிடும். அதைத் தடுக்க, பிரேமுக்கு ஒரு மின்துடிப்பு வீதம் கேசட்டின் ஒரு தடத்திலும் பேச்சை மறு தடத்திலும் பதியும் முறை உருவானது. எம்.ஐ.டி.யில் ஆவணப்படக் கலைஞர் ரிச்சர்ட் லீகாக்கின் குழு இத்தகைய ஒத்திசைவுக் கருவிகளை உருவாக்கப் பாடுபட்டது.

துணைப் பட்டையின் கதை தனிச்சுவை உடையது. ஒரு விளிம்பில் மட்டும் பட்டை இருந்தால் சுற்றிய சுருள் ஒருபக்கம் தடித்துச் சாயும். அதைச் சமன்செய்யவே துளைகள் உள்ள விளிம்பில் மெல்லிய இரண்டாம் பட்டையை ஒட்டினர். வெறும் தாங்கலாக இருந்த அதையும் ஆர்வலர்கள் விட்டுவைக்கவில்லை: முதன்மைப் பட்டையில் பேச்சு, துணைப் பட்டையில் இசை என்று பிரித்துப் பதிந்தனர். எல்மோ ஜி.எஸ்.1200 போன்ற புரொஜெக்டர்கள் இரண்டையும் சேர்த்து ஸ்டீரியோவாகவே ஒலித்தன.

1980களில் வீடியோ கேமரா பரவ, இத்துறை சுருங்கியது. கோடாக் ஒலிச்சுருளை 1997இல் நிறுத்தியது; பட்டை ஒட்டும் வேதிப்பொருள் மீதான சுற்றுச்சூழல் கட்டுப்பாடு காரணமாகக் கூறப்படுகிறது, விற்பனைச் சரிவுக்கும் பங்கிருக்கலாம்.

2016இல் கோடாக் அறிவித்த புதிய சூப்பர் 8 கேமரா ஒலியை நினைவட்டையில் பதிகிறது. பழைய சுருள்களை ஸ்கேன் செய்யும்போது 18 பிரேம் இடைவெளியைக் கணினியில் நேர்செய்யலாம். படத்தை மட்டும் எடுக்கும் ஸ்கேனர்களும் உண்டு. ஒலியைத் தனியே கேட்டு வாங்க வேண்டும், துணைப் பட்டையையும் ஒருமுறை ஓட்டிக் கேட்பது நல்லது.